மறு: எஃப்ளோரசன்ஸ் – சுவரில் பூப்பதும் பொரிவதும்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாட்களாக இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். பாலிடெக்னிக் மாணவர்களுக்காகக் கட்டுமானப் பொருள்கள் பாடத்தைத் தமிழில் எழுதிவரும் அம்மையார் கேட்டது ஒற்றைக் கேள்விதான். செங்கல் சுவரில் வெள்ளை வெளேரென்று உப்பு கிளம்புகிறதே, எஃப்ளோரசன்ஸ் என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன எழுதுவது? அதற்குள் நான்கு சொற்கள் வந்துவிட்டன: உப்பு மலர்ச்சி, வெண்படிவு, உப்புப்பூப்பு, பூநீறு. நான் மொழி படித்தவன் அல்லன். முப்பது ஆண்டுகள் கட்டட வேலையிடத்தில் வெயிலில் நின்றவன். ஆனால் நீங்கள் பெயர் தேடும் பொருள் என் வீட்டுச் சுவரிலேயே இருப்பதால் எனக்கும் பேச உரிமை உண்டு.

வீட்டின் மேற்குச் சுவரை வெளிப்பக்கம் பூசாமல், செங்கல் தெரியட்டும் என்று விட்டிருந்தேன். உள்பக்கம் சிமெண்டுப் பூச்சும் அதன்மேல் பளபளப்பான பெயிண்டும். குடிபுகுந்த முதல் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, தை வெயில் ஏறியதும் வெளிப்பக்கத்தில் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குப் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளை. உள்பக்கத்தில் வெள்ளை எதுவும் தெரியவில்லை; பெயிண்டு மட்டும் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே பூச்சு மணலாகப் பொலபொலவென்று கொட்டியது.

கட்டிய கொத்தனாரை அழைத்துக் காட்டினேன். வெளிப்பக்க வெள்ளையை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "கடலுப்பு இல்லை சார், கசக்கிறது. சுவர் பூத்திருக்கிறது. காய்ந்த துடைப்பத்தால் தட்டிவிடுங்கள், தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள்" என்றார். உள்ளே வந்து கொப்புளத்தைக் கரண்டி முனையால் கீறிப் பார்த்தார். "இது பொரிந்துவிட்டது. கொத்தி எடுத்தால்தான் தீரும்" என்றார்.

ஒரே சுவர், ஒரே உப்பு. அவர் வாயில் வந்தவை இரண்டு வினைகள். இந்த மடலில் நான் சொல்ல வந்தது இதுதான்: நாம் ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறோம், நமக்கு வேண்டியவை இரண்டு.

ஏன் இரண்டு என்று சொல்கிறேன். செங்கல் திண்ணென்று தெரிந்தாலும் உள்ளே நுண்துளைகள் நிறைந்தது. 24 மணி நேரம் தண்ணீரில் ஊறினால், சாதாரணக் கட்டடச் செங்கல் தன் எடையில் நூற்றுக்கு 20 பங்கு வரை நீர் குடிக்கலாம் என்று இந்தியத் தரமே அனுமதிக்கிறது. அந்த நீரில் சோடியம், மெக்னீசியம், கால்சியம் ஆகியவற்றின் சல்பேட் உப்புகள் கரைந்து உடன் நடக்கின்றன. நீர் கல்லின் முகத்துக்கு வந்து ஆவியானால் உப்பு முகத்தில் தங்கும். பார்க்க அசிங்கமாக இருக்கும், பெரிய சேதம் இராது. முகத்தை வழவழப்பான பெயிண்டால் அடைத்துவிட்டால் நீர் சற்று உள்ளேயே ஆவியாகும். அப்போது உப்பு துளைகளுக்குள் படிகமாகி, இடம் போதாமல் கல்லையும் பூச்சையும் நெட்டித் தள்ளும். ஆங்கிலத்தில் இந்த இரண்டாவதைச் சப்ஃப்ளோரசன்ஸ் என்பார்கள். நம் ஊர்ப் பாடங்களில் இரண்டையும் ஒன்றாகவே உருட்டிவிடுகிறார்கள். பிறகு மாணவன் வேலைக்கு வந்து, பொரிந்த சுவருக்கு மேலே இன்னொரு கோட்டு பெயிண்டு அடித்துவிட்டுப் போகிறான்.

இனி வந்த சொற்களைப் பார்ப்போம்.

> வெண்படிவு என்பது எளிமையாக, அறிவியல் நடையில் இருக்கிறது.

இருக்கிறது, ஐயா. ஆனால் நிறம் எப்போதும் வெள்ளை இல்லை; வனேடியம் கலந்த களிமண் கல்லில் மஞ்சளும் பச்சையுமாகக் கிளம்பும். அதைவிடப் பெரிய சிக்கல் 'படிவு'. தூசி படிகிறது, வண்டல் படிகிறது, பனி படிகிறது. எல்லாம் எங்கிருந்தோ வந்து மேலே இறங்குபவை. இது உள்ளிருந்து வெளியே வருவது. உள்ளிருந்து வந்து மேற்பரப்பை மூடுவதற்குத் தமிழில் ஏற்கெனவே உள்ள வினை பூத்தல்தான். நீறு பூத்த நெருப்பு என்கிறோம். அந்தச் சாம்பல் வேறு எங்கிருந்தும் வரவில்லை, கங்கிலிருந்தே வந்தது. ஊறுகாய்ச் சாடியில் பூசணம் பூக்கிறது. வெயிலில் நடந்தால் நெற்றியில் வியர்வை பூக்கிறது. ஆங்கிலேயனும் லத்தீன் பூவைத்தான் கடன் வாங்கி வைத்திருக்கிறான். ஆகவே 'பூத்தல் பாமரர் வழக்கு, கலைச்சொல் ஆகாது' என்று எழுதியவர் அந்தச் சொல்லின் வேரை ஒருமுறை பார்க்கட்டும்.

'உப்பு மலர்ச்சி' வேண்டாம். மலர்ச்சி என்றாலே முகமலர்ச்சி, மறுமலர்ச்சி என்று மனம் போகிறது. சுவர் பாழாவதற்கு அவ்வளவு மகிழ்ச்சி எதற்கு? 'உப்புப்பூப்பு' இலக்கணப்படி சரிதான். ஆனால் பூப்பு என்ற சொல்லுக்குத் தமிழில் வேறு பொருள் நிலைத்துவிட்டது. பதினாறு வயது மாணவர்கள் அமர்ந்திருக்கும் வகுப்பில் ஆசிரியர் அதைக் கரும்பலகையில் எழுதிப் பார்க்கட்டும்.

பூநீறு என்ற சொல்லைத் தேடி எடுத்து வந்த நண்பருக்குத் தனியாக ஒரு வணக்கம். உவர்நிலத்தின் மேல் தானாகப் பூக்கும் உப்பை விடியற்காலையில் வழித்தெடுத்து அந்தப் பெயரால் வழங்கிய சித்த மருத்துவர்கள், நாம் இன்று பெயர் தேடும் அதே நிகழ்ச்சியைத்தான் மண்ணில் பார்த்தார்கள். படித்தவுடன் இதுவே இருக்கட்டும் என்றுதான் எனக்கும் தோன்றியது. மறுநாள் மனம் மாறியது. பூநீறு ஒரு பொருளின் பெயர், இன்றும் மருந்துக்கு வாங்கும் சரக்கு. செங்கல் சுவரில் கிளம்பும் சல்பேட்டுக்கு அதே பெயரை வைத்தால், யாராவது ஒருவர் சுவரைச் சுரண்டி மருந்தரைக்கப் புறப்படுவார்.

அதனால் என் முன்மொழிவு: மேலே நிற்கும் பொருள் உப்புப்பூ, நிகழ்ச்சி உப்பு பூத்தல். சுவரில் பூசணமும் பூக்குமாதலால் முன்னால் 'உப்பு' கட்டாயம் வேண்டும். (ஒற்றுச் சண்டை வரும் என்று தெரியும். 'உப்பு பூத்தது' எழுவாய்த் தொடர், வல்லினம் மிகாது. 'உப்புப்பூ' தொகை, மிகும். இதற்குத் தனி இழை தொடங்கிக்கொள்ளுங்கள்.)

உள்ளே நடப்பதற்கு உப்புப்பொரிவு. 'உப்புப்பொரி' என்று சுருக்கினால் கடலையும் சேர்த்துக் கேட்பார்கள், ஆகவே பொரிவு. இந்த வினையின் பொருத்தத்தைப் பாருங்கள். அப்பளம் பொரிவது ஏன்? உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகி, வெளியேற வழியின்றி மேல்தோலை உப்ப வைக்கிறது. சுவரில் ஆவிக்குப் பதில் படிகம், அவ்வளவுதான். வெடித்துச் சொரசொரத்த அடிமரத்தைச் சங்கப் புலவர்கள் 'பொரியரை' என்றார்கள். என் வீட்டுக் கூடத்துச் சுவரும் இப்போது பொரியரைதான்.

தனிமடலில் ஒருவர் உள்ளே ஒளிந்து பூப்பதால் 'அத்திப்பூ' எனலாமே என்றார். ரசித்தேன். ஆனால் அத்தி பூத்தாற்போல் என்றால் அரிதாக என்று பொருள். இது தெருவுக்கு நான்கு வீட்டில் இருக்கிறது. பொரிவதற்கு முன் உள்ளே திரளும் படிகத்துக்கு மட்டும் பெயர் வேண்டுமென்றால் 'உள்பூ' போதும்.

கல் கொடுத்த சூளைக்காரரிடம் முறையிட்டபோது தண்ணீர்தான் காரணம் என்றார். தண்ணீர் லாரிக்காரர் கல்தான் காரணம் என்றார். இரண்டும் நடக்கக்கூடியவையே: களிமண்ணிலேயே ஜிப்சம் இருக்கலாம், எரித்த நிலக்கரியின் கந்தகம் கல்லில் ஏறியிருக்கலாம், வேக்காடு குறைந்த கல்லில் உப்பு மிஞ்சியிருக்கலாம், கல்லை நனைத்த கிணற்று நீர் உவராக இருக்கலாம், சிமெண்டின் காரமும் சேர்ந்திருக்கலாம். மிஞ்சிக் கிடந்த கல் ஒன்றை எடுத்து நானே சோதித்தேன். முறை ஐ.எஸ். 3495 என்ற இந்தியத் தர ஆவணத்தின் மூன்றாம் பகுதியில் இருக்கிறது. தட்டையான பாத்திரத்தில் கல்லைச் செங்குத்தாக நிறுத்தி 25 மி.மீ. முங்கும்படி வாலைவடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்) ஊற்றி, காற்றோட்டமான அறையில் 20 முதல் 30 டிகிரி வெப்பத்தில் முழுதும் வற்ற விடுவது. வற்றியதும் அதே அளவு மறுபடி ஊற்றி வற்ற விடுவது. என் கல்லின் மேல் விளிம்பில் நரைமயிர்போல் ஒரு கோடு கிளம்பியது. லாரிக்காரர் முற்றிலும் குற்றமற்றவர் என்று சொல்ல மாட்டேன். சூளைக்காரர் நிச்சயம் அல்லர்.

அந்த ஆவணத்தைப் புரட்டும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. முடிவை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறார்கள். ஒன்றும் தெரியாவிட்டால் முதல் நிலை. பரப்பில் நூற்றுக்கு 10 பங்குக்கு மேற்படாத மெல்லிய உப்பு இரண்டாவது. 50 வரை மூன்றாவது. 50-ஐத் தாண்டினால் நான்காவது. ஐந்தாவதற்குப் பரப்புக் கணக்கே கிடையாது. உப்பு மிகுந்து, கல்லின் முகம் பொடியாகவோ செதிலாகவோ உதிர்ந்தால் ஐந்தாவது. அதாவது என் கொத்தனார் வினையை மாற்றிய அதே இடத்தில் தர ஆவணமும் அளவுகோலை மாற்றுகிறது! இந்த ஐந்தையும் 'மிதமான', 'கடுமையான', 'மிகக் கடுமையான' என்று பெயர்த்தால் எது எதைவிடப் பெரிது என்று மாணவன் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும். பூவின்மை, சிறுபூ, அரைப்பூ, நிறைபூ, பொரிவு என்று வைத்தால் பெயரே அளவைச் சொல்லிவிடும். செங்கல்லுக்கான ஐ.எஸ். 1077-இன்படி 12.5 வகுப்பு வரையுள்ள கல்லில் (வகுப்பு எண் கல்லின் அழுத்த வலிமையைக் குறிக்கும்) அரைப்பூ வரை பொறுக்கலாம், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் சிறுபூவோடு நிற்க வேண்டும் என்று ஒரே வரியில் எழுதலாம்.

பொரிவுக்குப் பாடத்தில் ஓர் எடுத்துக்காட்டு வேண்டும் என்று அம்மையார் கேட்டிருந்தார். மொகஞ்சதாரோவைக் கொடுங்கள். உயரம், அகலம், நீளம் 1:2:4 என்ற கணக்கில் அறுத்துச் சுட்ட அந்தக் கற்கள் ஏறக்குறைய நாலாயிரம் ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தன. 1920-களில் தோண்டி வெளியே எடுத்த பிறகு, நிலத்தடி நீரோடு ஏறிய சோடியம் சல்பேட் அவற்றைப் பொடிக்கத் தொடங்கியது. 1980-இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்ட இடத்தில் அடிச்சுவர்கள் உதிர்ந்துகொண்டிருந்தன. சோடியம் சல்பேட்டின் குணம் அப்படி. ஏறக்குறைய 32 டிகிரிக்கு மேல் நீரற்ற உப்பாக இருக்கும்; குளிர்ந்து ஈரம் கிடைத்தால் ஒவ்வொரு மூலக்கூறும் பத்து நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டு கன அளவில் நான்கு மடங்காகும். பகலில் அந்தப் பக்கம், இரவில் இந்தப் பக்கம் என்று நாள்தோறும் தாண்டினால் எந்தக் கல் தாங்கும்?

வேதியியல் ஆசிரியர் ஒருவர் எழுப்பிய ஐயமும் நியாயமானது. அவர்கள் பாடத்தில் எஃப்ளோரசன்ஸ் என்றால் படிகம் தன் நீரை இழந்து பொடியாவது. சலவைச் சோடாவைத் திறந்துவைத்தால் நடப்பது. அதற்கு இந்தச் சொல்லைக் கொடுக்க வேண்டாம். 'நீரிழந்து பொடியாதல்' என்று அவர்கள் வழியில் போகட்டும். ஆங்கிலத்தில் ஒரு சொல் இரண்டு வேலை பார்த்தால் தமிழிலும் பார்க்க வேண்டும் என்று விதி இல்லை. சிமெண்டுச் சுவரில் வழியும் சுண்ணாம்புக் கறையையும் இதில் சேர்க்காதீர்கள். அது தண்ணீரில் கரையாது, துடைப்பத்துக்கும் அசையாது. வினிகர் விட்டால் நுரைக்கும். அதற்குச் 'சுண்ணக்கறை' என்று எழுதலாம்.

கல்லின் மேலுள்ள 10 முதல் 20 மி.மீ. பள்ளத்தை ஃப்ராக் என்கிறார்களே என்று அதற்குத் 'தவளை' என்று சென்ற மாதம் ஒருவர் எழுதியதற்கு நான் இன்னும் பதில் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன்.

அதற்குள் ஓர் உதவி வேண்டும். என் கொத்தனார் சொன்னது எங்கள் மாவட்டத்து வழக்கு. உங்கள் ஊரில் சுவர் 'பூக்கிறது', 'பொரிகிறது' என்கிறார்களா, 'உவர் அடிக்கிறது', 'உப்பரிக்கிறது' என்கிறார்களா? யாழ்ப்பாணத்து நண்பர்கள் தங்கள் ஊர் மேசன்மாரிடம் கேட்டுச் சொன்னால் நல்லது. கேட்கும்போது சொல்லை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். சுவரைக் காட்டி என்ன ஆயிற்று என்று மட்டும் கேளுங்கள்.