டொமைன் வித்தது, விட்டது, ஏமாந்தது: இன்னும் உறுத்துற அனுபவம் இருந்தா சொல்லுங்க

கொங்கு_ராசா

ரெண்டு வருசமாச்சுங்க, அந்த "சரி" இன்னும் காதுலயே நிக்குது.

ஊர் பேரும் பனியனும் சேர்ந்த டாட் காம் டொமைன் ஒண்ணு, அதான் வெப்சைட் பேரு. யாரோ ரெனியூ பண்ணாம விட்டது, டிராப் ஆகி யாரு வேணா எடுக்கலாம்னு ஆனதும் சாதா விலைக்கே எடுத்தேன். பேரை இங்க சொல்லல, விடுங்க. சைட் எதுவும் போடாம, அந்த அட்ரஸ்ல வர்ற வெறும் பார்க்கிங் பக்கத்துல போன் நம்பரைப் போட்டுட்டு மறந்தே போயிட்டேன்.

பழைய பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சிட்டு இருக்கறப்ப போன். "அந்தப் பேரு குடுப்பீங்களா, என்ன விலைங்க?" ஒரு கைல கிளாஸ், பக்கத்துல பஸ் ஹாரன். வாய்ல வந்தது 18,000. சொல்லி முடிக்கல, "சரிங்க, ஜிபே நம்பர் அனுப்புங்க"ன்னுட்டார். சந்தைல கால் கிலோ வெண்டைக்கா வாங்கறவங்களே ரெண்டு ரூவா கொறைக்கச் சொல்றாங்க. இந்த மனுசன் ஒரு "ம்ம்" கூட போடலீங்க. இன்னொரு சைபர் சேத்திச் சொல்லியிருந்தாலும் அதே வேகத்துல "சரி" வந்திருக்கும்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. பணம் வந்துருச்சு, ராத்திரியே பேரை அவர் கணக்குக்குப் புஷ் பண்ணி விட்டேன். டீக்குக் காசு குடுத்தனான்னு மட்டும் இன்னும் ஞாபகம் வரல.

பார்க்கிங்_பாண்டி

ராசாண்ணே, ஆயிரத்துக்குள்ள எடுத்தத 18,000க்குத் தள்ளிட்டு அழுகுறீங்களே, நல்லா இருக்கா?

எங்கிட்ட இருக்கிற டொமைனுக்கு ஒரு டிராவல்ஸ்காரரு 60,000 வரைக்கும் வந்தாரு. நான் நாலு லட்சத்த விட்டு எறங்கல. "யோசிச்சுச் சொல்றேன் தம்பி"ன்னு வச்சவருதான். போன வருசம் மாட்டுத்தாவணி கிட்ட வண்டில நிக்கிறேன், முன்னாடி ஒரு ஸ்லீப்பர் பஸ். பின் கண்ணாடி முழுக்க அதே பேரு. நடுவுல மட்டும் ஒரு ஹைபன். நான் கேட்ட நாலு லட்சத்துக்கு அந்தாளு ஒரு கோட்டப் போட்டு முடிச்சுட்டாரு. சிக்னல் விழுந்து பின்னாடி ஹாரன் அடிக்கிற வரைக்கும் அந்தக் கோட்டையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன்.

ஏழாவது வருசமா ரெனியூவல் கட்டுறேன். உங்களுக்கு அந்த "சரி" வேணாம்னா எனக்குத் தாங்கண்ணே.

வடகம்_அக்கா

நீங்க ரெண்டு பேரும் விலை பேசவாவது செஞ்சீங்க. எனக்கு எல்லாம் முடிஞ்ச பிறகுதான் தெரியும்.

மாமியார் பேர்ல வத்தல், வடகம் விக்கிறேன். சைட் போட்டுக் குடுத்த பையன் ரெனியூவல் மெயில் எல்லாம் அவனோட பழைய ஐடிக்கே போற மாதிரி வச்சிட்டுப் போயிட்டான். ஒருநாள் காலைல மோர் மிளகாய் காயப் போட்டுட்டு இருக்கேன், கஸ்டமர் ஒருத்தங்க வாட்ஸ்அப்ல ஸ்கிரீன்ஷாட் அனுப்பறாங்க: "அக்கா, இது உங்க கடைதானே?" திறந்து பாத்தா, மாமியார் பேருக்குக் கீழ சூதாட்ட விளம்பரம், சீன எழுத்துல. அதை அவங்க கண்ணுல காட்டாம இருக்க நான் பட்ட பாடு இருக்கே!

ரெனியூ ஆகாம போன பேரை வாங்கினவன்கிட்ட மெயில்ல கேட்டேன், 900 டாலர்னான். விட்டுட்டேன். ஆனா அந்த அட்ரஸ் போட்டு அடிச்ச 3,000 ஸ்டிக்கர் ஒரு சாக்குல அப்படியே கிடக்கு. இன்னிக்கும் உக்காந்து ஒவ்வொண்ணா மார்க்கர்ல அடிச்சுட்டுத்தான் பாக்கெட்ல ஒட்டறேன்.

ஆத்கோட்_ஆறுமுகம்

எனக்கும் 2019ல ஒரு டாட் இன் போயிருக்கிறது. அதை விடுங்கள். மேடம் செய்த தவறு என்ன என்று பார்ப்போம்.

டாட் காம் காலாவதியானால் உடனே போய்விடாது. ரெஜிஸ்ட்ராரை, அதாவது பேரைப் பதிந்து தரும் நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை சாதாரணக் கட்டணத்திலேயே புதுப்பிக்கலாம். அந்த இடைவெளியிலேயே ஏலத்தில் விடுகிறவர்களும் உண்டு, அதனால் 45 நாள் இருக்கிறதே என்று தூங்கக் கூடாது. அதைத் தாண்டினால் ரிடெம்ப்ஷன், அதாவது மீட்கும் காலம், 30 நாள், அபராதம் தனி. கடைசியாக 5 நாள் பென்டிங் டெலீட், அதாவது பேர் அழிவதற்குக் காத்திருக்கும் காலம். அதில் யார் தலைகீழாக நின்றாலும் ஒன்றும் செய்ய முடியாது.

டிரேட்மார்க் இருந்தால் புகார் தந்து பேரை மீட்க வழி உண்டு: டாட் காமுக்கு யூடிஆர்பி என்ற விதிமுறை, டாட் இன்னுக்கு அதை நிர்வகிக்கும் நிக்சியிடம் ஐஎன்டிஆர்பி. முதலாவதில் கெட்ட எண்ணத்தோடு பதிந்ததையும் காட்ட வேண்டும், பயன்படுத்தியதையும் காட்ட வேண்டும். இரண்டாவதில் ஏதாவது ஒன்று போதும்.

பாண்டிக்கும் ஒரு வார்த்தை. பெரிய விலை கேட்பதில் வேறு ஆபத்தும் உண்டு. 2004 வாக்கில் கனடாவில் மைக் ரோ என்ற பள்ளி மாணவன், தன் பேரோடு "சாஃப்ட்" சேர்த்து ஒரு டாட் காம் வைத்திருந்தான். மைக்ரோசாஃப்ட் வக்கீல்கள் 10 டாலர் தருகிறோம் என்றார்கள். பையன் கடுப்பாகி 10,000 கேட்டான். அவ்வளவுதான், பணம் பிடுங்கத்தான் பதிந்திருக்கிறான் என்று அந்தத் தொகையையே அவன் மேல் திருப்பினார்கள். ஆகவே ஆட்டோ ரெனியூ, பேரை வேறு இடத்துக்கு மாற்ற விடாத ரெஜிஸ்ட்ரார் லாக், சொந்த மெயில் ஐடி...

வடகம்_அக்கா

ஆறுமுகம் சார், நான் தப்பு என்னன்னு கேக்கலை. ஸ்டிக்கர் பத்திச் சொன்னேன்.

பார்க்கிங்_பாண்டி

எங்கிட்ட இருந்தது பொதுப் பேரு சார், எவனோட பிராண்டும் இல்ல. பனியன் கதைல மைக்ரோசாஃப்ட் எங்கிட்டு வந்துச்சு?

சும்மா_பாக்குறவன்

என் டொமைனுக்கு 30,000 டாலர் தரேன்னு ஒருத்தன் மெயில் போட்டான். மதிப்பீட்டு சர்டிபிகேட் மட்டும் வேணுமாம், அதுவும் அவன் சொல்ற சைட்ல எடுத்ததுதான் செல்லுமாம். தீபாவளிக்கு மூணு நாள் முன்னாடி. வீட்ல ஜவுளி எடுக்க வச்சிருந்த பணத்துலேர்ந்து கட்டினேன். பிடிஎஃப் வந்தது, தங்கக் கலர் பார்டரோட. அவன் வரலை. பிடிஎஃப்பை இன்னும் டெலீட் பண்ணலை.

கொங்கு_ராசா

பாண்டி தம்பி, நீங்க திட்டினதும் நல்லதுதான். முந்தாநாள் அதே நம்பர்ல இருந்து போனுங்க. "அதே பேருல டாட் இன் கூட உங்ககிட்டத்தான் இருக்குதாமே, என்ன விலைங்க?" இந்தத் தடவ உசாரா, "நீங்களே ஒரு விலை சொல்லுங்க"ன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்பறம் "பாத்துட்டுக் கூப்பிடறேன்"னு வச்சுட்டார்.

இன்னும் கூப்பிடலீங்க.