ரூட் ஸ்கிரீன்: திரையா, கிராதியா?

அனைவருக்கும் வணக்கம். ஆங்கிலத் தேவாலயக் கட்டடச் சொற்களுக்குத் தமிழ்ப்பெயர் தேடும் நம் வரிசையில் இப்போது ‘ரூட் ஸ்கிரீன்’. வந்த கருத்துகளை மேற்கோளாகத் தந்து பதில் எழுதுகிறேன்.

> ‘சிலுவைத் திரை’ என்றே வைத்துவிடலாமே. எளிமையாக இருக்கிறது.

எளிமைதான், ஐயா. ஆனால் திரை என்றதும் துணிதான் நினைவுக்கு வரும். கிறிஸ்தவ வாசகருக்கோ, மேலிருந்து கீழ்வரை கிழிந்த எருசலேம் ஆலயத் திரைச்சீலை உடனே வந்து நிற்கும். நாம் பேர் தேடுவது மரத்தில் செய்த தடுப்புக்கு. சில ஊர்களில் கல்லிலும் உண்டு. இடைக்கால இங்கிலாந்தின் பங்குக்கோயில்களில் மக்கள் கூடும் நடுக்கூடத்துக்கும் பீடப்பகுதிக்கும் நடுவே அது நின்றது. கீழே அடைத்த பலகை, மேலே துளைவேலைப்பாடு செய்த திறந்த சட்டங்கள், நடுவில் வழி. நார்ஃபோக்கின் ரான்வொர்த்தில் உள்ள 15ஆம் நூற்றாண்டுத் தடுப்பில் அடிப்பலகையெங்கும் புனிதர்களின் ஓவியங்கள். குரு அப்பத்தை உயர்த்தும்போது மக்கள் அதைப் பார்த்தாக வேண்டும். அதற்காகச் சில ஊர்களில், முழந்தாளிட்டவரின் கண்மட்டத்தில் அடிப்பலகையிலேயே துளை போட்டிருக்கிறார்கள்! பார்க்க விடாத பொருளாக இருந்தால் இந்த வேலை எதற்கு? ஆகவே ‘கிராதி’ என்கிறேன்.

> நற்கருணை வாங்க முழந்தாளிடும் இடத்துக்கும் கிராதி என்கிறோமே?

ஆமாம், குழப்பம் வரும். அது பீடத்தை ஒட்டி நிற்கும் குட்டைக் கிராதி, காலத்தாலும் பிந்தியது. 1636இல் நாரிச் ஆயர் மேத்யூ ரென், அது ஏறக்குறைய ஒரு கஜ உயரம் இருக்க வேண்டும், நாய் நுழையாதபடி கம்பங்கள் நெருக்கமாக இருக்க வேண்டும் என்று உத்தரவே போட்டார். அதை ‘நற்கருணைக் கிராதி’ என்றும், இதைச் ‘சிலுவைக் கிராதி’ என்றும் முன்னொட்டால் பிரித்துவிடலாம்.

> இன்று பலவற்றில் சிலுவையே இல்லையே, பின் எதற்கு அந்த முன்னொட்டு?

இருந்ததால்தான் அந்தப் பெயர். ரூட் என்பது சிலுவைக்குப் பழைய ஆங்கிலச் சொல். கிராதிக்கு மேலே சிலுவையில் இயேசு, இருபக்கமும் மரியாவும் யோவானும். இங்கிலாந்து அரசர் ஆறாம் எட்வர்டு காலத்தில் இந்த உருவங்களை இறக்கினார்கள். 1561இல் எலிசபெத் அரசி, கிராதிமேல் ஆள் ஏறி நிற்க இருந்த பரணையும் (லாஃப்ட்) இறக்கச் சொன்னார், கிராதியை மட்டும் விட்டுவைக்கச் சொன்னார். சஃபோக்கின் வென்ஹாஸ்டனில், வெள்ளையடித்துக் கிடந்த பழம்பலகைகளை 1892இல் கல்லறைத் தோட்டத்தில் போட்டார்கள். மழையில் சுண்ணாம்பு கரைந்து, உள்ளிருந்த இறுதித் தீர்ப்பு ஓவியம் வெளிப்பட்டது. அதன் நடுவில் வண்ணமே படாத மூன்று வெற்று வடிவங்கள்: ஒரு சிலுவை, இருபுறமும் இரு ஆட்கள். பலகையின் முன்னே அந்த உருவங்கள் நின்ற இடம் அப்படியே அச்சாகத் தெரிகிறது.

பீடப்பகுதிக்கு அர்த்தமண்டபம், நடுக்கூடத்துக்கு மகாமண்டபம் என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு ஒப்பவில்லை. அந்தக் காலத்தில் பீடப்பகுதியின் பராமரிப்பு பங்குக்குருவின் பொறுப்பு, நடுக்கூடம் பங்குமக்களின் பொறுப்பு. செலவுக்கணக்கே இப்படிப் பிரிந்த எல்லையைச் சுட்ட, வேறு அமைப்பின் பெயர்களை இரவல் வாங்க வேண்டாம்.

> கிராதி சரி. லாஃப்டுக்குப் ‘பரண்’ போட்டால் பழைய சாமான் ஞாபகம் வருகிறது. ‘மாடம்’?

காவல் பரணும் பரண்தானே! ஆள் ஏறி நிற்கும் இடம். இதற்கும் சுவருக்குள் குறுகலான படிக்கட்டு இருந்தது. பரண் போனபின் பல கோயில்களில் படிக்கட்டு மட்டும் மிச்சம். மேலே கதவைத் தாண்டிக் கால் வைத்தால் நேரே கீழேதான். ‘சிலுவைப் பரண்’, ‘பரண்படி’ இரண்டும் போதும்.

தவிர, மாடத்தைச் செலவழித்துவிடாதீர்கள். அடுத்தது பிசினா வருகிறது: பீடத்துக்குத் தென்புறச் சுவரில் குழிவு, அதில் கல்தொட்டி, அடியில் ஓட்டை. திருப்பாத்திரம் கழுவிய நீர் அதன்வழி மண்ணுக்குள் இறங்கும். ‘கழுநீர் மாடம்’ என்று குறித்து வைத்திருக்கிறேன். கழுநீர் என்றால் மாட்டுத்தொட்டி நினைவு வருமோ என்றுதான் தயக்கம். வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.