ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு முன் ஒரு படம்

நடராஜன் (செயலாளர்): அனைவருக்கும் வணக்கம். நம் குடியிருப்பு வாசலில் முகம் பார்த்துத் திறக்கும் கதவைப் பொருத்துவது குறித்து ஞாயிறு மாலை 5 மணிக்கு மொட்டை மாடியில் கூட்டம் நடைபெறும். விலைப்புள்ளி வந்துவிட்டது.

வசந்தா டீச்சர்: வணக்கம் சார். கை தூக்குவதற்கு முன் ‘கோடட் பயஸ்’ என்ற ஆவணப்படத்தை எல்லோரும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஷாலினி காந்தய்யா இயக்கி 2020-இல் வெளிவந்த படம் அது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஜாய் புவோலம்வினி என்ற கறுப்பினப் பெண் கணினி முன் அமர்கிறார். முகம் கண்டறியும் மென்பொருள் அவர் முகத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. வெள்ளை முகமூடி ஒன்றை எடுத்து மாட்டியதும் உடனே கண்டுகொள்கிறது.

முருகேசன்: எவ்வளவு நேரப் படம், டீச்சர்?

வசந்தா டீச்சர்: ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்.

முருகேசன்: ஞாயிறு தம்பி மகளுக்கு நிச்சயதார்த்தம். சனிக்கிழமை என்றால் வருகிறேன்.

கார்த்திக்: இப்போது மென்பொருள்கள் எவ்வளவோ தேறிவிட்டன, டீச்சர். போன மாதம் என் வண்டி திருடு போனபோது காட்ட ஒரு பதிவுகூட இல்லை.

நடராஜன் (செயலாளர்): பழைய கேமரா ஏன் பழுதாகவே கிடக்கிறது என்பது, பராமரிப்புப் பணம் தராதவர்களுக்குத் தெரியும்.

ஃபாத்திமா: அந்தப் பேச்சு இப்போது வேண்டாம், சார்.

வசந்தா டீச்சர்: வண்டி போன வருத்தம் எனக்கும் உண்டு, தம்பி. புவோலம்வினியும் டிம்னிட் கெப்ரு என்ற ஆய்வாளரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், முகத்தை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்வதில் வெளிர்நிற ஆண்களிடம் 0.8 விழுக்காட்டைத் தாண்டாத பிழை, கருநிறப் பெண்களிடம் 34.7 விழுக்காடு வரை போனது. அதன் பிறகு அந்த மென்பொருள்களைச் செய்த நிறுவனங்கள் திருத்திக்கொண்டன என்பதும் உண்மைதான். ஆனால் படம் அதோடு நிற்கவில்லை. லண்டன் தெருவில் பள்ளிச் சீருடையில் வந்த 14 வயதுக் கறுப்பினச் சிறுவனை, முகம் பார்க்கும் கருவி வேறொருவர் என்று தவறாகக் காட்டியதால் காவலர்கள் மறித்துச் சோதிக்கிறார்கள். நியூயார்க் நகரின் புரூக்ளினில் அட்லாண்டிக் பிளாசா டவர்ஸ் என்ற குடியிருப்பில் நமக்கு வருவது போன்ற ஏற்பாட்டையே உரிமையாளர் கொண்டுவர முயன்றார். வாடகைக்கு இருந்தவர்கள் ஒன்றுகூடி எதிர்த்ததால் 2019-இல் அதைக் கைவிட்டார். பதிவு எங்கே இருக்கும், யார் பார்ப்பார்கள், வேண்டாம் என்பவருக்கு மாற்று வழி என்ன என்று நாமும் கேட்க வேண்டும்.

ஃபாத்திமா: விலைப்புள்ளியில் அது இருக்கிறதா, சார்?

நடராஜன் (செயலாளர்): இல்லை. எழுதிக் கேட்கிறேன்.

கார்த்திக்: சனிக்கிழமை என்றால் புரொஜெக்டர் கொண்டுவருகிறேன்.

முருகேசன்: மாடிச் சாவியைச் செயலாளரிடமே கொடுத்துவிடுகிறேன், போன முறை போல என்மேல் பழி வேண்டாம்.

வசந்தா டீச்சர்: வீட்டு வேலைக்கு வரும் செல்வியையும் வாட்ச்மேனையும் படத்துக்கு அழைக்க வேண்டும்.

நடராஜன் (செயலாளர்): அவர்கள் சங்க உறுப்பினர்கள் அல்லவே, டீச்சர்.

வசந்தா டீச்சர்: அவர்கள் முகமும்தானே பதிவாகப் போகிறது, சார். கருவி பிசகினால் வெயிலில் வெளியே நிற்கப்போவதும் அவர்கள்தான்.

நடராஜன் (செயலாளர்): சனிக்கிழமையா ஞாயிறா என்பதை முதலில் மற்றவர்களும் சொல்லட்டும். இதைப் பிறகு பேசுவோம்.