540 ஜீப்: 4 வீல் போட்டும் முன் சக்கரம் இழுக்கலை, கூடவே அதிர்வு

வாலிநோக்கம்540:
540 டீசல் ஜீப், பார்ட் டைம் 4 வீல் (வேணும்போது மட்டும் முன் சக்கரமும் இழுக்கும்). முன்னாடி கையால திருப்புற ஃப்ரீ வீல் ஹப் (சக்கரத்தை ஆக்சிலோட பூட்டவும் விடவும்). கரையில இருந்து மீன் பெட்டியும் ஐஸும் தார் ரோடு வரை ஏத்துறதுதான் வேலை. ஹப் ரெண்டும் லாக், லீவர் 4 லோவுல (நாலு சக்கரமும் மெதுவா, பலமா இழுக்குற நிலை). ஆனாலும் மணல்ல பின் சக்கரம் மட்டும் சுத்திக் குழி பறிக்குது. கிளட்ச் விடும்போது அடியில ஒரு ‘டக்’, ரிவர்ஸ் போட்டாலும் அதே சத்தம். போன மாசம் பின் ஜாயிண்ட் ஷாப்ட்ல (பின் ஆக்சிலுக்கு இழுவை கொண்டு போற தண்டு) கிராஸ், அதாவது முனையில இருக்கிற சிலுவை மூட்டு, மாத்தினோம். அதுல இருந்து 40க்கு மேல போனா சீட்டு வரை அதிருது. முன் ஆக்சில் ஹவுசிங் ஆயில் பால் ஊத்தின டீ மாதிரி இருக்கு. டிரான்ஸ்பர் கேஸை (இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கிற பெட்டி) இறக்கணும், ஆக்சில் உள்ள இருக்கிற கிரௌன் பினியன் பல் சக்கரமும் போயிருக்கும்னு பட்டறையில சொல்றாங்க. அதுக்கு முன்னாடி நாமளே என்ன பார்க்கலாம்?

பாம்பன் பட்டறை:
தம்பி, இப்போதைக்கு எதையும் இறக்காதீங்க. இது ஒரே வியாதி இல்ல, நாலு சேர்ந்து வந்திருக்கு.

முதல்ல ஹப். முன்னாடி இருக்கிறது சாதாரண டிஃபரன்ஷியல் (ரெண்டு பக்கச் சக்கரத்துக்கும் இழுவையைப் பிரிக்கிற பல் சக்கரக் கூட்டு). ஒரு பக்க ஹப் பிடிக்கலைன்னா அந்தப் பக்க ஆக்சில் உள்ள சும்மா சுத்தும். நல்லா இருக்கிற மறுபக்கத்துக்கும் இழுவை போகாது. அதனால ஒரு ஹப் செத்தாலே முன்பக்கம் முழுசும் செத்த மாதிரிதான்.

கண்டுபிடிக்க ஜாக்கி ஒண்ணு போதும். பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைங்க. லீவர் 2 ஹை (பின் சக்கரம் மட்டும் இழுக்குற நிலை), ஹப் லாக். முன் சக்கரம் ஒண்ணை மட்டும் தூக்கிக் கையால சுத்துங்க. ஹப் பிடிச்சிருந்தா முன் ஜாயிண்ட் ஷாப்ட் கூடவே சுத்தணும். ரேஷியோ 4.88னா சக்கரம் ஒரு சுத்துக்கு ஷாப்ட் ஏறக்குறைய ரெண்டரைச் சுத்து. ஷாப்ட் அசையலைன்னா கோளாறு அந்தப் பக்க ஹப்லயோ ஆக்சில்லயோ இருக்கலாம்; மறுபக்க ஹப் பிடிக்கலைன்னாலும் சில நேரம் ஷாப்ட் அசையாது. அடுத்த பக்கமும் இதே மாதிரி. (ரெண்டையும் ஒண்ணா தூக்கினா எந்தப் பக்கம் கெட்டதுன்னு குழம்பிடும்.)

அடுத்து டிரான்ஸ்பர் கேஸ். இன்ஜின் ஆஃப், லீவர் 4 ஹை, கியர் முதல்ல, ரெண்டு ஹப்பும் ஃப்ரீ. முன் ஷாப்டைக் கையால திருப்பிப் பாருங்க. லேசா ஆடி நின்னுட்டா உள்ள பிடிச்சிருக்கு. தாராளமா சுத்தினா 4 வீல் விழவே இல்ல. அப்பவும் கேஸை இறக்கிடாதீங்க, வெளிய லிங்கேஜைப் பாருங்க. உப்புக்காத்துல துரு ஏறி லீவர் பாதிதான் நகரும். உள்ள ஷிஃப்ட் ராடு முழுத் தூரம் போகாது. லிங்கேஜைக் கழட்டிட்டு ராடை நேரா நகர்த்தினா உண்மை தெரிஞ்சிடும். 4 வீல் விழுந்துட்டுத் தானா வெளிய வந்தா ஷிஃப்ட் ராடைப் பிடிச்சு நிறுத்துற குண்டு ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், இல்லன்னா கியர் பாக்ஸ் மவுண்ட் ரப்பர் கிழிஞ்சிருக்கும்.

‘டக்’ சத்தத்துக்கு வண்டியை நியூட்ரல்ல வச்சு, ஒவ்வொரு கிராஸுக்கும் ரெண்டு பக்கத்தையும் பிடிச்சு எதிரெதிரா திருகுங்க. கிராஸ்ல ஆட்டமே இருக்கக் கூடாது. கப்பு ஓரத்துல செங்கல் நிறத்துல தூள் இருந்தா ஊசி பேரிங் காஞ்சு அரைபட்டிருக்கு. டிஃபரன்ஷியல் பிளேஞ்ச் கொஞ்சம் திரும்பி ஆடுறது இயல்பு. மேலும் கீழும் ஆடினாத்தான் பினியன் பேரிங் கவலை. பின் பட்டை ஸ்பிரிங்ல யூ போல்ட்டையும் ஒரு தடவை முறுக்குங்க. அது தளர்ந்தாலும் ஆக்சில் திருகி இதே ‘டக்’தான் வரும். கிரௌன் பினியன்னு செலவு வைக்கிறதுல பாதி இந்த இடந்தான்.

அதிர்வு? கிராஸ் மாத்தினப்போ ஷாப்டை ஸ்பிளைன்ல (ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழையுற பல் பகுதி) பிரிச்சிருப்பாங்க, திரும்பச் சேர்க்கும்போது பல் மாறியிருக்கும். ஷாப்ட் ரெண்டு முனையிலயும் கிராஸைப் பிடிக்கிற யோக் காதுகள் ஒரே நேர்கோட்டுல நிக்கணும். அம்புக் குறி இருக்கும், துருவைச் சுரண்டினாத் தெரியும்.

கச்சான்:
அண்ணன் சொன்ன முறையில ஒண்ணு மட்டும் விட்டுப்போச்சு. ஜாக்கியில பாரமே இல்ல. பல் முனை மழுங்கின ஹப் கையால சுத்தும்போது பிடிக்கும், மணல்ல பாரம் விழுந்ததும் ‘கட கட’ன்னு வழுக்கும். அதனால பாரத்தோடயும் பாருங்க: பின் ஜாயிண்ட் ஷாப்டைக் கழட்டிட்டு, ஹப் லாக் பண்ணி, 4 ஹைல முதல் கியர் போட்டு சமதளத்துல மெல்ல நகர்த்துங்க. முன் சக்கரம் மட்டுமே வண்டியை இழுக்கணும். ஒரு எச்சரிக்கை: பழைய மாடல் சிலதுல ஹேண்ட்பிரேக் டிரம் டிரான்ஸ்பர் கேஸ் பின்னாடிதான். பின் ஷாப்ட் கழண்டா ஹேண்ட்பிரேக் பின் சக்கரத்தைப் பிடிக்காது. கட்டை வைக்காம அடியில படுக்காதீங்க.

அந்த டீ கலர் ஆயிலைத் தள்ளிப்போடாதீங்க. ஓடிச் சூடான ஹவுசிங் கடல் தண்ணியில இறங்கினதும் உள்ள காத்து சட்டுனு சுருங்கும். பிரீதர் (ஹவுசிங் காத்து போய் வர்ற ஓட்டை) மணலால அடைஞ்சிருந்தா ஆயில் சீல் வழியாத் தண்ணியை உறிஞ்சும். ராத்திரி முழுக்க வண்டியை நிறுத்திட்டுக் காலையில அடி நட்டை லேசாத் தளர்த்துங்க, பிரிஞ்சு நிக்கிற தண்ணி முதல்ல வரும். முழுசும் வடிச்சு, விலை குறைஞ்ச ஆயில் ஊத்தி 20 கிலோமீட்டர் ஓட்டி, அதையும் வடிச்சுட்டு நல்ல ஹைபாயிட் ஆயில் (டிஃபரன்ஷியலுக்கான ஜிஎல்-5 தரம்) ஊத்துங்க. அதே டப்பாவை கியர் பாக்ஸ்ல கவுத்திடாதீங்க. ஜிஎல்-5 ஆயில் கியர் மாத்த உதவுற பித்தளை சிங்க்ரோ வளையத்தை அரிக்கும், அங்க ஜிஎல்-4. பிரீதர்ல ஒரு ரப்பர் டியூப் மாட்டி பானெட் உயரத்துக்கு ஏத்திக் கட்டினா இந்தத் தொல்லை பாதி தீரும். முன் சக்கரம் திரும்புற இடத்துல இருக்கிற நக்கிள் உருண்டை துரு பிடிச்சுச் சொரசொரப்பா இருந்தா எத்தனை சீல் மாத்தினாலும் கிழியும். உருண்டையைத்தான் முதல்ல சரி பண்ணணும்.

வாலிநோக்கம்540:
பார்த்துட்டேன். வலது சக்கரம் சுத்தினா ஷாப்ட் சுத்துது, இடது சுத்தினா அசையவே இல்ல. 4 ஹைல முன் ஷாப்ட் கெட்டியா நிக்குது. பின் ஷாப்ட்ல யோக் ஒரு பல் தள்ளி இருக்கு. ‘டக்’ முன்பக்கம் இல்ல, பின் யூ போல்ட் ரெண்டு தளர்வு. இடது ஹப்பைத் திறந்தா உள்ள கிரீஸ் கட்டி தட்டி மெழுகாட்டம் இருக்கு.

பாம்பன் பட்டறை:
அப்ப டிரான்ஸ்பர் கேஸ் பிழைச்சுது. அந்த மெழுகுதான் ஹப்புக்குள்ள பூட்டுற கிளட்ச் வளையத்தை நகர விடலை. ஹப்பை டீசல்ல கழுவிக் காய வச்சு, பல் முனை கூர்மையா இருக்கான்னு பாருங்க. இருந்தா மெல்லிசாத் தடவின கிரீஸோட பூட்டலாம். அள்ளி அப்புனா மறுபடி இதேதான். மூடியில புது பேக்கிங் போடுங்க, கச்சான் காத்து (தென்மேற்குக் காத்து) காலத்துப் பொடி மணல் முடி அளவு இடைவெளியிலயும் நுழையும்.

கிராஸுக்கு கிரீஸ் அடிக்கும்போது நாலு கப்புலயும் பழைய கிரீஸ் பிதுங்கணும். மூணுல மட்டும் வந்தா நாலாவது அடைப்பு, அடுத்து உடையப் போறது அதுதான். மணலைத் தாண்டித் தார் ரோட்டுல ஏறினதும் லீவரை 2 ஹைக்கு மாத்திடுங்க. நடுவுல டிஃபரன்ஷியல் இல்லாத வண்டி. பிடிப்பான ரோட்டுல வளைவு திரும்பினா முன்னும் பின்னும் முறுக்கிக்கும், லீவர் வெளிய வராமச் சிக்கும். சிக்கினா சுத்தியலைத் தேடாதீங்க, ரெண்டு மீட்டர் ரிவர்ஸ் எடுங்க, தானா கழண்டுடும்.