அம்மா வீட்டில் கருவி வைக்கலாமா?

காவிரிக்கரை:
அம்மாவுக்கு 74 வயது, கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார். நான் டொரொண்டோவில். போன் பண்ணினால் "நல்லா இருக்கேன்" என்பதைத் தாண்டி ஒன்றும் வராது. ஜப்பானில் ஜோஜிருஷி நிறுவனம் 2001-லேயே ஒரு வெந்நீர்க் கெட்டில் கொண்டுவந்தது. பெரியவர்கள் டீக்குத் தண்ணீர் எடுத்தால் பிள்ளைக்கு மெயிலில் தகவல் போகும். கேமரா இல்லை, மைக் இல்லை. அம்மாவுக்குக் கெட்டில் பழக்கமில்லை. மிக்ஸி ஓடினால் என் போனுக்குத் தகவல் சொல்கிற ஸ்மார்ட் பிளக் ஒன்று போடலாமா? சட்னி அரைக்காத காலையே கிடையாது.

மோட்டுவளை:
சட்னி அரைப்பதை எல்லாம் உளவு பார்ப்பதா? அம்மாவிடம் கேட்டீர்களா?

காவிரிக்கரை:
உளவா! வாசலில் கோலம் இல்லையென்றால் எதிர்வீட்டு மாமி எட்டிப் பார்ப்பாரே, அது உளவா? இப்போது எதிர்வீடு பூட்டிக் கிடக்கிறது.

மோட்டுவளை:
மாமி வீட்டு வாசலை அம்மாவும் பார்க்கலாம். நீங்கள் காலையில் எழுந்தீர்களா என்று அம்மாவுக்கு யார் சொல்வது? அப்புறம், கரண்ட் போனால் உங்களுக்கு ஒரு தகவலும் வராது. அங்கே காலை ஏழு என்றால் உங்களுக்கு முந்தின நாள் இரவு ஒன்பதரை. தூங்குவீர்களா?

செவ்வந்தி:
நாங்கள் அப்பாவுக்கு வீடியோ ஸ்பீக்கர் வாங்கி வைத்தோம். அவர் எடுக்காமலே நாம் உள்ளே போய்ப் பேசலாம். படம் சில நொடி மங்கலாக இருந்து தெளியும். இரண்டே நாளில் அதன்மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டார். சட்டையில்லாமல் உட்கார்ந்திருக்கும்போது மருமகள் முகம் வந்தால் மனிதர் என்ன செய்வார்? தமிழும் அதற்குப் புரியவில்லை. இப்போது இரண்டு வீட்டிலும் ஆளுக்கொரு விளக்கு. இங்கே தொட்டால் அங்கே எரியும். அப்பா சாயங்காலம் சாமி விளக்கு ஏற்றிவிட்டு இதையும் தொடுவார். எங்களுக்கு சிங்கப்பூரில் எட்டரை மணி. பேத்தி சாப்பாட்டை விட்டு ஓடுவாள், திருப்பித் தொட.

காவிரிக்கரை:
நன்றாக இருக்கிறது. ஆனால் அம்மா தொட மறந்துவிட்டால்? மிக்ஸிக்கு ஞாபகம் தேவையில்லை.

மோட்டுவளை:
மறந்தால் நீங்கள் போன் பண்ணுவீர்கள். மிக்ஸி ஓடியது என்று தெரிந்துவிட்டால் பண்ண மாட்டீர்கள். என் பயமே அதுதான்.

காவிரிக்கரை:
ஒருநாளாவது பண்ணாமல் இருந்திருக்கிறேனா? சரி, அம்மாவிடமே கேட்டுவிட்டேன். "வை, ஆனா உன் வீட்டு காபி மெஷின்லயும் ஒண்ணு வை. நீ எப்ப எழுந்திருக்கேன்னு நானும் பாக்கணும்" என்கிறார். பிளக் இரண்டு வாங்கப் போகிறேன். அம்மா போனில் அந்த ஆப்பை யார் போட்டுக் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை. கும்பகோணத்தில் யாராவது இருக்கிறீர்களா?