பத்தாவது பையன், காலாண்டுல கணக்கு 31: வீட்ல நாங்க என்ன செய்யணும்?

தண்டையார்பேட்டை அம்மா:
பையன் பத்தாவது, தமிழ் மீடியம், மாநிலப் பாடத்திட்டம். ஒன்பதாவதுல கணக்கு 60க்குக் குறையாது. இப்போ 31. சாயங்காலம் ஆறு மணிக்கு புக்கோட உட்கார்ந்தா பத்து வரைக்கும் எழுந்திருக்க மாட்டான், ஆனா கேள்வி கேட்டா பதில் வரல. மேல ஏதாவது கேட்டா "விடும்மா"ன்னு மூஞ்சைத் திருப்பிக்கிறான். ஒரே ரூம் வீடு, டிவியும் அங்கதான், தங்கச்சி நாலாவது. இன்னொரு டியூஷன்ல சேர்க்கலாம்னு அவங்க அப்பா சொல்றார். சேர்க்கலாமா?

கணக்கு வாத்தியார், வியாசர்பாடி:
டியூஷன் பேச்சை ஒரு மாசம் தள்ளி வைங்கம்மா. முதல்ல விடைத்தாளை எடுங்க, திட்டறதுக்கு இல்ல. போன 69 மார்க்கையும் பையனே மூணு கலர்ல குறிக்கட்டும்: தெரியாம விட்டது, தெரிஞ்சும் தப்பாப் போட்டது, நேரம் போதாம விட்டது. மூணுக்கும் வைத்தியம் வேற வேற. நேரம் போதாதவனுக்கு டியூஷன் உதவாது, கடிகாரம் வச்சு எழுதிப் பழகினாத்தான் ஆகும்.

பொதுத்தேர்வுத் தாள்ல 14 ஒரு மார்க், 10 ரெண்டு மார்க், 10 அஞ்சு மார்க், 2 எட்டு மார்க். எட்டு மார்க் ரெண்டும் செய்முறை வடிவியலும் வரைபடமும். இந்த 16 மார்க்கைத்தான் முதல்ல பிடிக்கணும், ஏன்னா கேள்வி வகை கொஞ்சம்தான். இதையும் பசங்க விடுறதுக்குக் காரணம் பாதி நேரம் காம்பஸ். ஒரு வட்டம் போடச் சொல்லிப் பாருங்க. ஆரம்பிச்ச இடத்துலயே கோடு வந்து சேரலைன்னா திருகு லூசு. ஆரம் நகர்ந்துட்டா தொடுகோடு வட்டத்தைத் தொடாது, வெட்டும். திருகை முறுக்குங்க, இல்ல புதுசு வாங்குங்க. பென்சில் முனை கூரா இருக்கணும். உதவிப்படம் (கையால முதல்ல போடற மாதிரிப் படம்) போடாம நேரா வரைய விடாதீங்க. வரைபடத்துல அளவுத்திட்டம் எழுத மறப்பாங்க. பரவளையத்தை ஸ்கேல் வச்சு புள்ளிக்குப் புள்ளி நேர்கோடா இழுப்பாங்க, அது வளைவாத்தான் வரணும். வாரத்துல ரெண்டு நாள், வடிவியல் ஒண்ணு, வரைபடம் ஒண்ணு, தலா 15 நிமிஷம் போதும்.

பள்ளி ஆலோசகர், காலடிப்பேட்டை:
வாத்தியார் சொன்னதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்குக்கா: கண் பரிசோதனை. இந்த வயசுலயும் கிட்டப்பார்வை கூடலாம். பையன் திடீர்னு வளர்ந்ததால கடைசி பெஞ்சுக்குப் போயிருந்தா போர்டு எழுத்து மங்கிடும், அவனா சொல்ல மாட்டான்.

நாலு மணி நேரம் உட்கார்ந்தும் பதில் வரலைன்னா, படிச்சதையே திரும்பத் திரும்ப வாசிக்கிறான்னு அர்த்தம். கண்ணுக்குப் பழகிடுது, தெரிஞ்ச மாதிரி தோணுது. 25 நிமிஷம் படிக்கட்டும், புக்கை மூடட்டும், வெள்ளைத்தாள்ல நினைவுல இருக்கறதை 10 நிமிஷம் எழுதட்டும். அப்புறம் புக்கைத் திறந்து விட்டுப்போனதைச் சிவப்புப் பேனாவால சேர்க்கட்டும். அதே பாடத்தை மறுநாள், மூணாம் நாள், ஒரு வாரம் கழிச்சுன்னு இடைவெளி விட்டு எழுதணும். மறதி முதல் நாள்லதான் வேகமா நடக்கும்னு ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885லயே காட்டினார். உங்களுக்குப் பாடம் தெரிய வேண்டாம், புக்கைக் கையில வச்சு கேள்வியைப் படிச்சாலே பாதி உதவி.

ஏழிலிருந்து எட்டரை வரைக்கும் டிவி அணைக்கணும், அப்பா போனும் அதே ரூல்ல வரணும். பையன் போன் சமையல்கட்டுல சார்ஜ்ல கிடக்கட்டும். கொளத்தூர் அகரத்துல 2024ல திறந்த முதல்வர் படைப்பகம் மாதிரி உட்கார்ந்து படிக்கற பொது இடம் நல்லதுதான், ஆனா உங்க வீட்லருந்து தினம் போய்வர நேரம் வீணாகும். பக்கத்துக் கிளை நூலகம், இல்ல மொட்டை மாடியே போதும். தூக்கம் 8 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. இந்த வயசுல தூக்கமே லேட்டாத்தான் வரும். 12 மணிக்குப் படுத்தவனை அஞ்சுக்கு எழுப்பினா படிச்சது நிக்காது.

பேச்சு விஷயம்: வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் மார்க் கேக்காதீங்க. கடைக்கு நடக்கும்போது, தண்ணி பிடிக்கும்போது பக்கத்துல இருந்து பேசினா பசங்க கொஞ்சம் திறப்பாங்க. ஒரு கேள்வி கேட்டுட்டு சும்மா இருங்க. பக்கத்து வீட்டுப் பையனை இழுக்கவே கூடாது. ரெண்டு வாரத்துக்கு மேல சாப்பாடு, தூக்கம், ஃபிரண்ட்ஸ் எல்லாத்தையும் விட்டுட்டா அது படிப்புப் பிரச்சினை இல்ல, டெலி மானஸ்ங்கற அரசு மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிடுங்க, தமிழ்லயே பேசலாம்.

தண்டையார்பேட்டை அம்மா:
காம்பஸ்ல வட்டம் போடச் சொன்னேன் சார், கோடு சேரல. சனிக்கிழமை கண் டெஸ்ட். டியூஷனை எப்போ முடிவு பண்றது?

கணக்கு வாத்தியார், வியாசர்பாடி:
நாலு வாரம் கழிச்சு ஒரு மாதிரித் தாளை முழு மூணு மணி நேரம் வச்சு எழுத வைங்கம்மா. "தெரியாம விட்டது" கலர் அப்பவும் அதிகமா இருந்தா, அந்தப் பாடங்களுக்கு மட்டும் சேருங்க.