விழுந்து முளைக்காத பல்

என் மகளுக்கு ஒன்பது வயதில் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். அது பால் பல் என்றே அன்றுவரை நினைத்திருந்தேன். முதலில் தெரிந்தது ஒரு கரும்புள்ளி. “பால் பல்தானே, விழுந்து முளைக்கும்” என்றேன். என் மாமியாரும் அதையே சொன்னார். எதிலும் ஒத்துப்போகாத நாங்கள் இதில் மட்டும் ஒத்துப்போனோம்.

ஓர் இரவு அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுத பிறகுதான் மருத்துவரிடம் ஓடினோம். எக்ஸ்ரேயைக் காட்டி, “இதற்குக் கீழே வேறு பல் தெரிகிறதா?” என்று கேட்டார். தெரியவில்லை. ஆறு வயதை ஒட்டி, எந்தப் பல்லும் விழாமலே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் முளைக்கிற நிலைப்பல் அது. முன்பல் ஆடினால் வீடே வேடிக்கை பார்க்கிறது. பின்னால் மேலும் கீழுமாக நான்கு பற்கள் சத்தமில்லாமல் வந்துவிடுகின்றன. அவற்றின் மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள். முளைத்த புதிதில் எனாமலும் முழுதாக இறுகியிருக்காது. முழு உயரத்துக்கு வளரும்வரை பக்கத்துப் பல்லைவிடத் தாழ்ந்தே நிற்பதால் பிரஷ் அதைத் தொடாமலே போய்விடும். நாள்தோறும் அவளுக்குப் பல் தேய்த்துவிட்டவள் நான்தான்.

சொத்தை வேர்வரை இறங்கிவிட்டதால் காப்பாற்ற வழியில்லை என்றார். 12 வயதில் வரும் அடுத்த கடைவாய்ப் பல் முன்னே நகர்ந்து அந்த இடத்தை ஓரளவு அடைக்கலாம். கீழ்த்தாடையில் அதற்கு உறுதி சொல்ல முடியாதாம். மற்ற மூன்று பற்களின் பள்ளங்களைச் சீலன்ட் என்ற பாதுகாப்புப் பூச்சால் அடைத்தார். ஊசி இல்லை, துளையிடவும் இல்லை, சில நிமிட வேலை. அதைத்தான் என்னால் இன்னும் செரித்துக்கொள்ள முடியவில்லை.

* * *

நான் விளையாட்டு ஆசிரியர். என் கதையில் சொத்தை இல்லை, விபத்து. எட்டு வயதுப் பையன் ஒருவன் ஓடும்போது விழுந்து, மேல் முன்பல் வேரோடு மண்ணில் கிடந்தது. நல்லது செய்வதாக நினைத்து அதைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். மருத்துவமனைக்குப் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. வேரின்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வு காய்ந்துவிட்டால் பல் மறுபடி ஒழுங்காகப் பற்றாது என்று அங்குதான் தெரிந்தது. பிழைத்திருக்கக்கூடிய பல்லைக் கழுவியே கொன்றிருக்கிறேன்.

அடுத்த ஆண்டு ஒரு சிறுமிக்கு அதேபோல் நடந்தது. இந்த முறை வேரைத் தொடாமல், வெளியே தெரியும் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடித்து எடுத்தேன். அந்தக் குழியிலேயே உடனே பொருத்திவிடுவதுதான் மிக நல்லது. எனக்குக் கை நடுங்கியது, அதனால் பாலில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடினேன். அரை மணி நேரத்துக்குள் பொருத்தி, பக்கத்துப் பற்களோடு கம்பியால் பிணைத்தார்கள். விழுந்தது பால் பல் என்றால் மட்டும் திரும்பப் பொருத்தக் கூடாது. அடியிலிருக்கும் நிலைப்பல்லைப் பாதிக்கும்.

* * *

முதலில் எழுதிய அம்மாவுக்கு: எனக்கும் பதினோரு வயதில் அதே பல் போனது. வலி நின்றதும் வீட்டில் எல்லோரும் மறந்துவிட்டோம். பின்பல் அந்த இடைவெளிக்குள் சாய்ந்தது. எதிரிலிருந்த மேற்பல் நீண்டு இறங்கியது. இருபத்தெட்டு வயதில் செயற்கைப் பல் பொருத்தப் போனால், பல் வைக்க இடமே இல்லை என்றார்கள். இப்போது கம்பி போட்டுக்கொண்டு அலுவலகம் போகிறேன். மகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது மருத்துவரிடம் காட்டிக்கொண்டே இருங்கள்.